ஏழாவது முடக்கு

காலை ஐந்து பத்துக்கு எழும்புகிறேன். கேத்தலில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்துவிடுவேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது ஓர் இரைச்சல் வரும். அது அடங்கிய பிறகுதான் குசினிக்குள் திரும்பப் போவேன். பல் துலக்கல், குளிப்பு, சவரம். பாண் இரண்டு துண்டு. ஆறு மணிக்கு முன்னறை ஜன்னலை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து, அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பிளேன்டீயைக் குடிப்பேன். கோப்பை காலியானதும் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போடுவேன். பிறகு கொப்பியில் எழுதுவேன்.

திகதி. ஜன்னல், ஒரு விரல். பயம் 4.

ஆறு ஐம்பதுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவேன். ஹாலிஎலவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டிலிருந்து பாடசாலை நடக்கும் தூரம்தான். கணிதம் படிப்பிக்கிறேன். நாங்கள் என்று எழுதிவிட்டேன். இப்போது நான் மட்டும்.

என் மனைவி டிலக்ஷி போன வருடம் மார்ச் மாதம் குளவி கொட்டி இறந்துபோனாள். அவள் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அரசாங்கக் கடிதங்களில் அதற்கு வேறு பெரிய பெயர் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்வார்கள். அவளை டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

அவள் அதே தோட்டத்தில் பிறந்தவள். நான் பதுளை டவுனில் பிறந்தவன். இந்த வித்தியாசம் பிறகு முக்கியமாகிறது.

கொப்பியைத் தந்தது தர்மிளா. பதுளை ஆஸ்பத்திரியில் புதன்கிழமைகளில் அவரிடம் போகிறேன். உளவளத் துணையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து மூன்று வருடம் ஆகியும் குளிர் பழகவில்லை. எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். முதல் நாள் என்னிடம் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அழுகிறீர்களா என்றார். இல்லை. கோபம்? இல்லை. நித்திரை? வருகிறது. சாப்பாடு? சாப்பிடுகிறேன். வேறு ஏதாவது? கேத்தல் கொதிக்கும்போது குசினியில் நிற்க முடியவில்லை என்றேன். எல்லா ஜன்னல்களையும் பூட்டி வைத்திருப்பதையும் சொன்னேன்.

"ஒண்டும் உணரேல்லை எண்டு சொல்லுறீங்கள். கேத்தலுக்கும் பயந்து ஓடுறீங்கள்," என்றார். "ரெண்டும் ஒரே ஆள்தானே, கெவின்?"

"இருக்கலாம்."

"அப்ப உணருற ஆளோடை முதல்ல கதைப்பம். மற்றவர் மெல்ல வரட்டும்."

அப்படித்தான் ஜன்னல் தொடங்கியது. முதல் வாரம் கொக்கியைக் கழற்றுவது மட்டும். ஜன்னலைத் திறக்கக்கூடாது. இரண்டாவது வாரம் ஒரு பென்சில் அகலம். ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். பயத்துக்குப் பத்தில் ஒரு எண் போட வேண்டும். ஒரு நாளும் விடக்கூடாது. ஒரு நாளும் இரண்டு படி ஏறவும் கூடாது. எனக்கு இது பிடித்தது. எண்ணைப் போட்டுவிட்டால் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

பாடசாலையிலும் ஒரு படி இருந்தது. என் வகுப்பு ஜன்னல்களை நான் பூட்டி வைத்துத்தான் படிப்பித்தேன். மத்தியானத்தில் வெக்கை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொப்பியால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"சேர், இது வகுப்பா போறணையா?"

"ஏன்?"

"நாங்க பாணா மாறிக்கிட்டு இருக்கோம், சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் பின்வரிசை ஜன்னல் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். கொப்பியில் 6 என்று எழுதினேன். மூன்று வாரத்தில் அது 3 ஆனது. பிள்ளைகளுக்கு எதற்கென்று தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

"இறங்கிட்டுது. சந்தோசமோ?" என்று தர்மிளா கேட்டார்.

"தெரியாது."

"சரி. தெரியாது எண்டு எழுதுங்கோ. அதுவும் ஒரு பதில்தான்."

ஜனவரியில் அவர் தோட்டத்து ரோட்டைப் பற்றிக் கேட்டார். அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போகவே இல்லை. முப்பத்தோராம் நாள் திருப்பலியைக்கூட டவுன் கோவிலில்தான் வைத்தோம். டிலக்ஷியின் அம்மா, என் மாமிதான் மாதத்துக்கு ஒரு தடவை மரக்கறிப் பையோடு பஸ் ஏறி ஹாலிஎலவுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

மெயின் ரோட்டிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் மேல்பிரிவு லயங்கள் வரை ஒன்பது முடக்குகள். ரோட்டின் வளைவை அங்கே முடக்கு என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. கடை முடக்கு. மாதா முடக்கு. பெரட்டு முடக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் இடம். தண்ணி முடக்கு. இப்படி. ஏழாவதுக்கு மட்டும் பெயர் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. டீச்சர் முடக்கு. எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

தர்மிளா ஒரு தாளில் ஒன்பது கோடு போட்டார். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு முடக்கு. போய் நின்றுவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

சந்தியில் ஆட்டோ நிறுத்தி வைத்திருக்கும் புவாத் என்னைக் கவனித்திருக்கிறார். மூன்றாவது சனிக்கிழமை நான் இறங்கி வந்தபோது ஆட்டோவுக்குள் இருந்தபடியே தலையை நீட்டினார்.

"மாஸ்டர், என்ன, ரோட்டு அளக்குறீங்களா?"

"இல்ல."

"போன கிழமைக்கு முந்தின கிழமை கடை முடக்கு. போன கிழமை மாதா முடக்கு. இன்னைக்கு பெரட்டு முடக்கு. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க."

"நடக்கத்தானே சொன்னாங்க, திரும்பி வரச் சொல்லலையே." பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்தார். "இந்த வேகத்துல போனா ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேருவீங்க."

"நோன்புப் பெருநாளைக்கே போயிருவேன்."

"அப்ப சரி. எனக்கு வட்டிலப்பம் எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"அவங்க வேதக்காரங்க."

"எங்க வீட்டுல இருந்து நான் குடுக்குறேன். அவங்க எடுத்து வச்சாப் போதும்."

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. கொப்பியில் அன்றைக்கு 5 என்று இருக்கிறது.

நான்காவது சனிக்கிழமை புவாத் பகிடி பண்ணவில்லை. நான் தண்ணி முடக்கிலிருந்து இறங்கி வரும்வரை காத்திருந்து, ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார்.

"மாஸ்டர், லூர்தம்மா அக்காவத் தெரியுமில்ல? மேல்பிரிவு."

தெரியும். டிலக்ஷியின் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவர்.

"வியாழக்கிழமை ஆறாம் நம்பர் மலையில குளவி எழும்பிருச்சு. மத்தவங்க எல்லாரும் படங்க அவுத்துப் போத்திக்கிட்டு அப்படியே படுத்துட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டு கொட்டு, அவ்வளவுதான். இந்த அக்கா மட்டும் ஓடியிருக்கு."

படங்கு என்பது கொழுந்து பறிப்பவர்கள் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணி.

"தேயிலைக்குள்ள எங்க ஓடுறது? வடிகானுக்குள்ள விழுந்து தொடை எலும்பு முறிஞ்சிருச்சு. விழுந்த எடத்துல கொட்டும் இருபதுக்கு மேல. என் ஆட்டோவுலதான் கொண்டு போனேன். வழி முழுக்க ஒரே பேச்சு. டீச்சரு ஓடத்தானே சொன்னிச்சு, டீச்சரு ஓடத்தானே சொன்னிச்சுன்னு."

"எப்படி இருக்கு இப்ப?"

"உசிருக்குப் பயமில்ல. ஆனா மாஸ்டர், மேல இப்ப சின்னப் பிள்ளைங்க எல்லாம் அதத்தான் சொல்லுது. குளவி வந்தா ஓடணும். டீச்சர் கடைசியாச் சொன்ன வார்த்தை." அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. அப்படித்தானே சொன்னாங்க?"

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

டிலக்ஷி அப்படிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என்னாப்பா சொன்னா, என்று கேட்டார். சுற்றி இருபது பேர் நின்றார்கள். தோட்டத்து ஆட்கள், உபதேசியார், என்னுடைய அண்ணன். எல்லோரும் நான் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார்கள். எனக்குக் கொட்டியது பதினொரு இடம். அவளுக்கு அறுபதுக்கு மேல் என்று தாதி சொல்லியிருந்தார். அவள் உள்ளே துணி மூடிக் கிடந்தாள். நான் கையில் ஒரு கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஓடுங்கன்னு சொன்னா, என்றேன்.

ஒரு சொல். சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. மாமி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எம்மவ கடைசி வரைக்கும் ஒங்களத்தான் நெனச்சிருக்கா, என்றார். அடக்கப் பூசையில் ஃபாதர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். அதற்குப் பிறகு அது என்னுடையதாக இருக்கவில்லை. தோட்டத்துடையதாகிவிட்டது. நான் அதைத் தர்மிளாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

அது என்னை மட்டும் காப்பாற்றும் பொய் என்று நினைத்திருந்தேன். பதினொரு மாதமாக அது மலையில் வேலை செய்துகொண்டிருந்தது.

புதன்கிழமை தர்மிளாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல.

"வேகமாப் போக வேணும், மிஸ். சனிக்கிழமை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது."

"ஏன்?"

"மேலே ஒருத்தருக்கு ஒரு விஷயம் சொல்ல வேணும்."

"போனிலை சொல்லக்கூடாதோ?"

"ஏலாது."

அவர் பேனையை மூடி வைத்தார். "எனக்கும் சொல்ல வேண்டிய விஷயமோ?"

"பிறகு."

"சரி. நான் கேக்கேல்லை." தாளை எடுத்து மிச்சமிருந்த கோடுகளைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு ஒண்டு. அதுக்கு மேலை வேண்டாம். நடுக்கம் வந்தா அந்த இடத்திலேயே இருங்கோ. நடுங்கி முடியட்டும். முடிஞ்ச பிறகு எழும்பி வாங்கோ. நடுங்கிக்கொண்டு திரும்பினீங்கள் எண்டா, அடுத்த முறை அந்த இடம் இன்னும் பெரிசாத் தெரியும். விளங்கினதோ?"

"விளங்குது."

"நடுக்கத்துக்கும் ஒரு முடிவு இருக்கு. நீங்கள் இன்னும் அதைக் காணேல்லை. ஒவ்வொரு முறையும் அது முடிய முதல் எழும்பிப் போறீங்கள்."

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் பஸ் ஏறினேன். ஐந்தாவது முடக்கு. பயம் 6. நடுக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆறாவது. பயம் 7. அங்கே ஒரு தண்ணீர்ப் பைப் உடைந்து சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் முழங்கால் ஆடத் தொடங்கியது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினாறு நிமிடம். பதினாறாவது நிமிடத்தில் முழங்கால் நின்றுவிட்டது. பைப் நிற்கவில்லை. தர்மிளா சொன்னது சரி. எழுதினேன்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஏழாவது முடக்குக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ரோட்டின் வலப்பக்கம் தேயிலை ஏறிப் போகிறது. இடப்பக்கம் இறங்கிப் போகிறது. குளவிக் கூடு இருந்த டர்பன்டைன் மரத்தை வெட்டிவிட்டார்கள். அடிமரம் மட்டும் இருக்கிறது. யாரோ ஒரு தகரத்தில் பெயின்டால் டீச்சர் முடக்கு என்று எழுதிக் கம்பில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். கம்பில் ஒரு செபமாலை. நான் அவள் விழுந்த இடத்தைத் தேடினேன். தேயிலை வளர்ந்து, கவாத்து வெட்டி, திரும்பவும் கொழுந்து வந்திருந்தது. எந்தச் செடி என்று தெரியவில்லை.

கை நடுங்கியது. பிறகு தாடை. உட்கார்ந்தேன். மணிக்கூட்டைப் பார்க்க முடியவில்லை, மணிக்கட்டு நிற்கவில்லை.

பதினொரு மணிக்குக் கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் மலையிலிருந்து இறங்கி வரத் தொடங்கினார்கள். தலையில் கயிறு, முதுகில் நிறைந்த சாக்கு. முன்னால் வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்து நின்றார்கள்.

"யாரது? நம்ம மாஸ்டரு இல்ல?"

"ஆமா. என்னா இப்படி மெலிஞ்சு போயிட்டாரு. ஏன் மாஸ்டரு, சோறு ஆக்கத் தெரியாதா?"

"முட்டை பொரிப்பேன்," என்றேன். பல் அடித்துக்கொண்டது.

"மூணு வேளையும் முட்டையா? கோழிதான் பாவம்."

"ஏய், சும்மா இருடி, ஆளு நடுங்குறாரு. அற்புதமலரக்கா, இங்க வா, ஒன் மருமகன் வந்திருக்காரு."

மாமி பின்னால் வந்துகொண்டிருந்தார். சாக்கை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு வேகமாக வந்தார். இடுப்பில் படங்கு. கால் முழுக்கச் சேறு.

"என்னா தம்பி, இங்கன உக்காந்திருக்கீங்க? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல மாமி. நடுக்கம். முடியுற வரைக்கும் எழும்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரி மிஸ்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "எஞ் சாக்கையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நிறுத்து எம் பேர்ல போடச் சொல்லுங்க," என்றார். அவர்கள் போனார்கள். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முடியட்டும். நானும் இருக்கேன்."

கொப்பி என் மடியில் விரிந்து கிடந்தது. எழுத முயன்றேன். பேனை கோணலாக ஓடியது.

"அது என்னா கணக்கு, தம்பி?"

"பயம் எவ்வளவுன்னு எழுதுறது. பத்துல."

"எனக்கும் ஒண்ணு போடுங்க."

"எத்தன போட?"

"எத்தன வரைக்கும் இருக்கு?"

"பத்து."

"பத்து போதாதே," என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

கை நின்றது. தாடையும் நின்றது. நான் எழும்பவில்லை.

"லூர்தம்மா அக்காவப் பாத்தீங்களா, மாமி?"

"நேத்துப் போனேன். கம்பி வச்சிருக்காங்க. மூணு மாசமாகுமாம் நடக்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவளுக்கு அறிவு எங்க போச்சு. நாப்பது வருசம் கொழுந்து எடுத்தவ. ஓடக்கூடாதுன்னு தெரியாதா? கேட்டா, ஒம் மக சொன்னதத்தானே செஞ்சேன்கிறா. எனக்குத் திருப்பிப் பேச வாய் வரல."

"மாமி."

"சொல்லுங்க."

கொப்பியை மூடினேன். அவர்தான் பேசினார்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன். ஒங்க வீட்டுக்கு வாறப்ப எல்லாம் கேக்கணும்னு வருவேன். ஒங்க முகத்தப் பாத்துட்டுக் கேக்காமப் போயிருவேன். டிலக்ஷியத் தூக்குன ஆளுங்க, அவ கம்பளிக்கு அடியில கெடந்தான்னு சொன்னாங்க. நெசமா?"

"ஆமா."

"அப்ப எப்படி அறுபது கொட்டு? கம்பளிக்குள்ள எப்படிப் போச்சு?" அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆறு வயசுல சொல்லிக் குடுத்தேன் அவளுக்கு. லயத்து வாசல்ல சாக்கப் போட்டுப் பழக்குனேன். குப்புறப் படு. நாலு மூலையையும் இழுத்து ஒடம்புக்கு அடியில போட்டுக்க. ஒரு விரல் போற எடம் இருக்கக்கூடாது. வெளையாட்டு மாதிரி நல்லாச் செய்வா. நான் எதையோ சரியாச் சொல்லிக் குடுக்கல, தம்பி. ஒரு மூலைய வுட்டிருக்கேன். பதினோரு மாசமா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். படங்கக் கட்டுறப்ப எல்லாம் நெனைக்கிறேன்."

இதற்கு மேல் நான் அதை வைத்திருக்க முடியாது.

"நீங்க விடல, மாமி."

அவர் திரும்பினார்.

"அவ என்ன ஓடச் சொல்லல. நான் பொய் சொன்னேன்."

நான் நடந்ததைச் சொன்னேன். அன்று எங்களுக்குப் பாடசாலை விடுமுறை. பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் படுக்கவைக்கும் பெரிய கம்பளியை அவள் துவைக்கக் கொண்டுவந்திருந்தாள். திருப்பிக் கொண்டுபோகும்போது, ஈரம் காய்ந்தும் பாரமாக இருந்ததால் நான் சுமந்துகொண்டு கூட வந்தேன். டவுன் மாஸ்டருக்கு மூச்சு வாங்குது, என்று வழி முழுக்கக் கேலி பண்ணினாள். இந்த முடக்கில் ஒரு பருந்து கூட்டில் மோதியது. நான் பார்க்கவில்லை, அவள்தான் பார்த்தாள். சத்தம் கேட்டது. முதல் கொட்டு என் காதில். நான் கம்பளியைப் போட்டுவிட்டேன். அவள் அதை இழுத்து விரித்து, உதறி, ரோட்டோரத்தில் தேயிலை அடியில் குப்புறப் படுத்துப் போர்த்திக்கொண்டாள். எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே. எவ்வளவு வேகம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று மூலைகள் அடியில் போய்விட்டன. நான்காவது மூலையை அவள் கையால் உயர்த்திப் பிடித்திருந்தாள். உள்ளே அவள் முகம் தெரிந்தது. நான் நாலடி தூரத்தில் நின்றேன்.

எனக்குத் தெரியாது, மாமி, என்றேன். படுத்தால் தப்பலாம் என்று எனக்குத் தெரியாது. டவுனில் யாரும் சொல்லித் தரவில்லை. படுத்தால் செத்துவிடுவோம் என்று நினைத்தேன். ரோட்டில் இறங்கி ஓடினேன். தண்ணி முடக்கு வரை ஓடினேன். அவை என்னைத் துரத்தி வரவில்லை. ஏன் வரவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. திரும்பி வந்தபோது கம்பளி இருந்தது. அந்த மூலை இன்னும் திறந்திருந்தது. அவள் கை அதைப் பிடித்தபடி இருந்தது.

கீழே நிறுக்கும் இடத்தில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ மாமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பதினொரு மாதத்தில் நான் எதையும் விரும்பியது அதுதான் முதல் தடவை.

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றார்.

"ஆமா."

"நாலு மூலையும்."

"ஆமா, மாமி."

தலையை ஆட்டினார். பல தடவை ஆட்டினார். அழுகை வரவில்லை. எனக்கும் வரவில்லை. பிறகு படங்கின் முடிச்சை அவிழ்த்து, மடியில் போட்டு, மடிப்புகளைக் கையால் நீவினார்.

"தேத்தண்ணி நேரத்துல எல்லாரும் பெரட்டுக்களத்துக்கு வருவாங்க. லயத்துப் பிள்ளைங்களும் வரும். நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க."

"சொல்றேன்."

"ஏசுவாங்க."

"ஏசட்டும்."

"நானும் ஏசுவேன். இன்னைக்கு இல்ல. இன்னைக்கு எனக்குத் தெம்பில்ல."

"சரி, மாமி."

"மொதல்ல எனக்குச் சொல்லுங்க. அவ என்னா சொன்னா? அந்த மூலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. கூட்டாம கொறைக்காம, அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

நான் சொன்னேன். அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி.

"ஏங்க, ஓடாதீங்க. இங்க வாங்க, ரெண்டு பேருக்கும் போதும்."